கம்ப்யூட்டரில் பாடக் குறிப்புகள்: சேர்ப்பது வேறு, படிப்பது வேறு

"மாமா, கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு. நோட்ஸ் எதுவும் சரியா திறக்க மாட்டேங்குது. வந்து பாருங்க." கரூரிலிருந்து என் அக்கா மகள் போனில் இப்படிச் சொன்னது, சென்ற கல்வி ஆண்டின் ஜனவரி முதல் வாரத்தில். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஜூன் மாதம் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். "இனிமேல் எல்லாப் பாடமும் இதிலேயே கிடைக்கும், கவலையே இல்லை" என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னவனும் நான்தான்.

போய்ப் பார்த்தேன். டவுன்லோட்ஸ் போல்டரில் 412 பைல்கள் இருந்தன. வாட்ஸ்அப்பில் வந்தவை, இணையத்தில் இறக்கியவை, தோழிகள் பென் டிரைவில் கொடுத்தவை. 'ஸ்கேன் 45', 'நியூ டாகுமெண்ட் 3', 'ஃபைனல் நோட்ஸ் ஃபைனல்' என்று பெயர்கள். ஒரே பைல் நான்கு முறை வேறு வேறு பெயரில் இருந்தது. தமிழ்க் குறிப்புகளில் பல, திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன.

கணக்குக் குறிப்பு ஒன்றைத் திறந்து, "தன்மைக்காட்டி பூஜ்ஜியமா இருந்தா மூலங்கள் எப்படி இருக்கும் கண்ணு?" என்று கேட்டேன். "அது இதுலதான் மாமா இருக்கு, பத்தாவது பக்கம்னு நினைக்கிறேன்" என்றாள். பக்கம் தெரிந்திருந்தது, பதில் தெரியவில்லை. அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் 41 மதிப்பெண். பொதுத் தேர்வுக்குப் பதினோரு வாரம்தான் இருந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கி பரணில் வைக்கலாம் என்று அக்கா சொன்னார்.

பழுது கம்ப்யூட்டரில் இல்லை. அதைப் பயன்படுத்தும் முறையை நான் சொல்லித் தரவில்லை. அந்தப் பதினோரு வாரத்தில் நாங்கள் செய்ததைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகத் தருகிறேன். உங்கள் வீட்டிலும் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இது நிச்சயம் உதவும்.

முதலில் ஒரு உண்மை

குறிப்புகளைச் சேர்த்து வைத்தால் அவை கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இருக்கும். நம் நினைவில் இருக்காது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, 1885ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் மறதியை அளந்து காட்டினார். படித்தது முதல் சில மணி நேரங்களிலும் முதல் சில நாட்களிலும் வேகமாக மறக்கிறது. பின்னர் மறக்கும் வேகம் குறைகிறது. எனவே அடுத்தடுத்த நாட்களில் அதை மீண்டும் நினைவுக்குக் கொண்டு வர வேண்டும்.

எப்படிக் கொண்டு வருவது? திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் வழி என்று பெரும்பாலோர் நினைக்கிறோம். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006ல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பாடப் பகுதியை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது வாசித்த குழுதான் முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழ். வாசித்த குழு சுமார் 40 சதவீதமும், எழுதிப் பார்த்த குழு சுமார் 61 சதவீதமும் நினைவில் வைத்திருந்தன.

ஆகவே, நல்ல குறிப்பு என்பது விடைகளின் சேமிப்பு அல்ல. நம்மைக் கேள்வி கேட்கும் குறிப்புதான் நல்ல குறிப்பு. கம்ப்யூட்டரை அப்படிக் கேள்வி கேட்க வைப்பது மிகவும் எளிது.

1. மூல நூலை வைத்துக் கொள்ளுங்கள்

முதலில் 412 பைல்களையும் 'பழையவை' என்று ஒரு போல்டரில் போட்டு ஒதுக்கினோம். அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பிறகு பாட நூல்களை இறக்கினோம். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் மாநிலப் பாடத்திட்ட நூல்களை பி.டி.எப். வடிவில் இலவசமாகவே தருகிறது. சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்கு என்.சி.இ.ஆர்.டி. தளத்தில் நூல்கள் கிடைக்கின்றன. இவற்றுக்காக யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

பாட நூலை பி.டி.எப். ஆக வைத்திருப்பதில் ஒரு வசதி உண்டு. கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு எஃப் கீயை அழுத்தினால் தேடும் கட்டம் வரும். அதில் ஒரு சொல்லை டைப் செய்து என்டர் தட்டினால், அந்தச் சொல் வரும் இடங்களுக்கு நேராகப் போகலாம். சில தமிழ் பி.டி.எப். பைல்களில் இது வேலை செய்யாது. காரணம் கீழே மூன்றாவது பகுதியில் இருக்கிறது.

2. ஐந்து பாடத்துக்கு ஐந்து போல்டர்

டாகுமெண்ட்ஸ் போல்டரைத் திறந்து, கண்ட்ரோல், ஷிப்ட், என் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தவும். புதிய போல்டர் ஒன்று உருவாகும். 'பத்தாம் வகுப்பு' என்று பெயர் கொடுங்கள். அதற்குள் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து போல்டர்கள். பெயரை மாற்ற வேண்டுமானால் போல்டரை ஒருமுறை கிளிக் செய்து எஃப் 2 கீயை அழுத்தினால் போதும்.

பைல்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு சின்னத் தந்திரம். பாட எண்ணை இரண்டு இலக்கத்தில் முதலில் எழுதுங்கள். '04 மின்னோட்டவியல்' என்று வைத்தால், பட்டியல் பாட வரிசையிலேயே நிற்கும். 'ஃபைனல்', 'புதுசு' போன்ற பெயர்களைத் தவிர்த்துவிடுங்கள். அடுத்த வாரம் எது புதுசு என்று உங்களுக்கே தெரியாது.

3. தமிழ் எழுத்து ஏன் குழம்புகிறது?

தோழி கொடுத்த தமிழ்க் குறிப்பு ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தது என்றேன் அல்லவா? அது பழைய வகை எழுத்துருவில் டைப் செய்யப்பட்டது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகளே தெரியும். அதில் தமிழ்ச் சொல்லைத் தேடவும் முடியாது. பைல் கெட்டுவிட்டது என்று பயந்து அழிக்க வேண்டாம். அந்த எழுத்துருவை இன்ஸ்டால் செய்தால் படிக்கலாம்.

உங்கள் குறிப்புகளை யூனிகோடில் எழுதுங்கள். யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு. எந்தக் கம்ப்யூட்டரிலும், எந்த மொபைல் போனிலும் தமிழாகவே தெரியும். தமிழக அரசும் 2010ல் யூனிகோடை ஏற்றுக் கொண்டது.

விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, 'டைம் அண்ட் லாங்வேஜ்', பிறகு 'லாங்வேஜ் அண்ட் ரீஜியன்' தேர்ந்தெடுத்து, 'ஆட் எ லாங்வேஜ்' பட்டனை அழுத்தித் தமிழைச் சேர்த்துவிடுங்கள். தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்தால், அதன் ஆப்ஷன்களில் கீபோர்டைத் தேர்ந்தெடுக்கலாம். புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ் 99 கீபோர்டு நல்லது. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் என்று அமைந்திருப்பதால் விரைவில் பழகிவிடும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக் கொள்ளலாம்.

4. ஒரு பாடம், ஒரு பட்டியல்

இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி. எக்ஸெல் திறந்து கொள்ளுங்கள். அது இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கி, அதில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். நான்கு நெட்டு வரிசைகள் போதும். முதல் வரிசையில் பாட எண். இரண்டாவதில் கேள்வி. மூன்றாவதில் விடை. நான்காவதில் அடுத்து எந்த நாளில் கேட்க வேண்டும் என்ற தேதி.

ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும், நூலை மூடிவிட்டுப் பத்துக் கேள்விகளை நீங்களே எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து சரிபார்க்கவும். அக்கா மகளுக்கு நான் ஒரே ஒரு சட்டம் போட்டேன். காப்பி, பேஸ்ட் கூடாது. காப்பி செய்த வரி கண் வழியாகப் போய் விரல் வழியாக வெளியேறிவிடும், மண்டையில் தங்காது. "ஒரு பாடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகுது மாமா" என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பினாள். அந்த ஒரு மணி நேரமும் அவள் படித்துக் கொண்டிருந்தாள் என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

சோதிக்கும்போது விடை வரிசையை மறைத்துவிடுங்கள். மூன்றாவது வரிசையின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து 'ஹைட்' கொடுத்தால் மறைந்துவிடும். மீண்டும் காண, இரண்டாவது, நான்காவது வரிசைகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து 'அன்ஹைட்' கொடுங்கள். விடைகளை வாயால் சொல்லக் கூடாது. தாளில் பேனாவால் எழுத வேண்டும். பொதுத் தேர்வும் பேனாவில்தானே எழுதப் போகிறார்கள்!

இனி தேதி. சரியாகச் சொன்ன கேள்விக்கு முதலில் மறுநாள் தேதி போடுங்கள். அன்றும் சரியானால் 3 நாள், பிறகு 7 நாள், பிறகு 15 நாள் எனத் தள்ளுங்கள். எப்போது தவறினாலும் மீண்டும் மறுநாளுக்கே கொண்டு வந்துவிடுங்கள். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு அல்ல. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972ல் வெளியிட்ட நூலில், அட்டைகளையும் பல அறைகள் கொண்ட பெட்டியையும் வைத்து இதே முறையை விளக்கினார். நாம் பெட்டிக்குப் பதிலாக எக்ஸெல் வைத்திருக்கிறோம். டேட்டா மெனுவில் உள்ள 'சார்ட்' மூலம் தேதி வாரியாக அடுக்கினால், இன்றைக்கு உரிய கேள்விகள் மேலே வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், பிப்ரவரி 5 என்று நினைத்து நீங்கள் 5-2 என டைப் செய்வதை எக்ஸெல் மே 2 என்று எடுத்துக் கொள்ளும். எங்களுக்கு முதல் வாரம் இப்படித்தான் ஆனது. இருபது கேள்விகள் மே மாதத்துக்கு ஓடிவிட்டன. தேர்வோ மார்ச்சில்! தமிழைச் சேர்த்த அதே 'லாங்வேஜ் அண்ட் ரீஜியன்' பக்கத்தில் 'ரீஜினல் பார்மட்' என்பதை இந்தியாவாக மாற்றிக் கொள்ளுங்கள்.

5. பாடத்துக்குப் பாடம் முறை மாறும்

எல்லாப் பாடத்துக்கும் ஒரே மாதிரிக் குறிப்பு பொருந்தாது. நாங்கள் செய்து பார்த்தவை இவை.

தமிழ்: இலக்கணத்துக்குச் சின்னக் கேள்விகள் போதும். 'நேர் நேர்' என்றால் தேமா, 'நிரை நேர்' என்றால் புளிமா, 'நிரை நிரை' என்றால் கருவிளம், 'நேர் நிரை' என்றால் கூவிளம். இதை இரு திசையிலும் கேளுங்கள். அசையைக் கொடுத்து வாய்பாட்டையும், வாய்பாட்டைக் கொடுத்து அசையையும் கேட்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் தெரிந்தவர்கள் தேர்வில் தடுமாறுவார்கள்.

ஆங்கிலம்: இலக்கண விதிகளைத் தொகுக்காதீர்கள். தான் செய்த தவறுகளைத் தொகுக்கச் சொல்லுங்கள். 'டிட் நாட் வென்ட்' என்று அவள் எழுதிய வாக்கியம் கேள்வி வரிசையில். 'டிட் நாட் கோ' என்ற திருத்தம் விடை வரிசையில். பத்துத் தவறுகளைச் சேர்த்ததும், அவற்றில் ஆறு ஒரே வகைத் தவறு என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

கணக்கு: கணக்கை டைப் செய்வது நேர விரயம். தாளில் போடுங்கள். எக்ஸெலில் எந்தக் கணக்கு, எந்த அடியில் தவறியது என்று மட்டும் குறிக்கவும். கருத்துகளைக் கேள்வியாக்கலாம். தன்மைக்காட்டி பூஜ்ஜியத்தைவிடப் பெரியதானால் இரு வேறு மெய் மூலங்கள். பூஜ்ஜியமானால் இரண்டும் சமமான மெய் மூலங்கள். குறைவானால் மெய் மூலங்கள் இல்லை. முதல் நாள் நான் கேட்ட கேள்விதான் இது. அவள் பட்டியலில் முதல் வரியாக ஏறியது.

அறிவியல்: படங்களுக்குக் கம்ப்யூட்டர் மிகவும் பயன்படும். பி.டி.எப். நூலில் இதயத்தின் படம் உள்ள பக்கத்தைத் திறந்து, விண்டோஸ், ஷிப்ட், எஸ் கீகளைச் சேர்த்து அழுத்தினால், வேண்டிய பகுதியை மட்டும் மவுஸால் வெட்டி எடுக்கலாம். அதை வேர்டில் ஒட்டி, பாகங்களின் பெயர்கள் மேல் வெள்ளை நிறக் கட்டங்களை வைத்து மறைத்துவிடுங்கள். இப்போது அது வினாத்தாள் ஆகிவிட்டது. அச்செடுத்து, நான்கு அறைகளின் பெயர்களையும் நிரப்பச் சொல்லுங்கள். சூத்திரங்களை எண்களோடு கேளுங்கள். மின்தடை 6 ஓம், மின்னோட்டம் 2 ஆம்பியர் என்றால் மின்னழுத்தம் எவ்வளவு? 12 வோல்ட் என்று சொல்பவருக்கு ஓம் விதி தெரிந்திருக்கிறது என்று பொருள்.

சமூக அறிவியல்: ஆண்டு, நிகழ்வு, இடம், காரணம் என்று நான்கு வரிசைகளில் வரலாற்றுப் பட்டியல் ஒன்று தயாரிக்கவும். எந்தப் பாடத்தில் படித்தாலும் இதே பட்டியலில் சேர்க்கவும். பிறகு ஆண்டு வாரியாக 'சார்ட்' செய்திடுங்கள். 1806 வேலூர்ப் புரட்சி, 1857 பெரும் கிளர்ச்சிக்கு ஐம்பத்தோரு ஆண்டுகள் முந்தியது என்பது கண்ணுக்கே தெரியும். 1930ல் தண்டியும் வேதாரண்யமும் அடுத்தடுத்த வரியில் வந்து நின்றன. "மாமா, காந்தி ஏப்ரல் 6ல உப்பு எடுத்திருக்காரு. ராஜாஜி திருச்சியிலேர்ந்து கிளம்புனது ஏப்ரல் 13. அப்ப அதைப் பார்த்துட்டுதான் இதா?" என்று கேட்டாள். அவள் தனித்தனிப் பாடமாக மனப்பாடம் செய்திருந்த இரண்டும் அன்றுதான் ஒரே வரலாறாகச் சேர்ந்தன. எனக்கும் அந்த நாள் மறக்காது.

6. உழைப்பைக் காப்பாற்றுங்கள்

பிப்ரவரி நடுவில் ஒரு மாலை மின்சாரம் போனது. யு.பி.எஸ். இல்லை. ஒரு மணி நேரமாக டைப் செய்தவற்றில் கடைசிப் பகுதி போய்விட்டது. வேர்டும் எக்ஸெலும் தாமாக மீட்புப் பிரதி எடுக்கும் இடைவெளி பொதுவாகப் பத்து நிமிடம். எனவே ஒவ்வொரு கேள்வி எழுதி முடித்ததும் கண்ட்ரோல், எஸ் கீகளை அழுத்துவதை வழக்கமாக்குங்கள். ஞாயிறுதோறும் அந்தப் போல்டரைப் பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். இன்னொரு பிரதியை உங்கள் இமெயில் கணக்குடன் கிடைக்கும் இணையச் சேமிப்பிலும் வையுங்கள். ஒரே இடத்தில் இருக்கும் பைல், இல்லாத பைலுக்குச் சமம்.

தேர்வு நெருங்கும்போது 'முக்கிய வினாக்கள்' என்ற பெயரில் பலவித பைல்கள் வரும். குறிப்பு போலப் பெயர் வைத்துக் கொண்டு புரோகிராம் பைல்களும் வரலாம். பைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' சென்று, 'ஷோ' பிரிவில் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பெயரின் இறுதிப் பகுதியும் தெரியும். பி.டி.எப். என்று சொல்லிக் கொண்டு இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் திறக்கவே கூடாது. உடனே அழித்துவிடுங்கள்.

இன்று செயற்கை நுண்ணறிவு புரோகிராம்களிடம் கேட்டால் நொடியில் குறிப்பு எழுதித் தருகின்றன. புரியாத பகுதிக்கு விளக்கம் கேட்க அவை உதவும். ஆனால் தவறான விடையையும் அதே தெளிவோடு சொல்லும். பாட நூலோடு ஒப்பிடாமல் எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். மேலும், அது எழுதித் தரும் குறிப்பு 413ஆவது பைலாகத்தான் இருக்கும்.

என்ன ஆனது?

மார்ச் மாதம் நான் போனபோது அவளிடம் பாட நூல்களைத் தவிர 31 பைல்கள்தான் இருந்தன. 'பழையவை' போல்டரை அவளே அழித்திருந்தாள். "இவ்ளோ நாள் அதைத் திறக்கவே இல்லை மாமா" என்றாள். பொதுத் தேர்வில் அறிவியலில் 76 வந்தது. மாநில முதலிடம் ஒன்றுமில்லை. கணக்கில் இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம், அந்தப் பாடத்துக்குப் பதினோரு வாரம் போதவில்லை. ஆனால் பதினோராம் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே புதிய போல்டர் ஒன்றைத் திறந்துவிட்டாள். கம்ப்யூட்டர் பரணுக்குப் போகவில்லை. அக்காவும் இப்போது அதைப் பற்றிக் குறை சொல்வதில்லை.

நீங்களும் தேர்வு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்று இரவே ஒரு பாடம் எடுத்துப் பத்துக் கேள்விகள் மட்டும் டைப் செய்யச் சொல்லுங்கள். நாளை மாலை விடைகளை மறைத்துவிட்டு, நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பத்தில் நான்கு தெரிந்தாலும் கோபப்படாதீர்கள். தெரியாத ஆறு எவை என்று தெரிந்துவிட்டதல்லவா? அந்த ஆறிலிருந்துதான் படிப்பு தொடங்குகிறது.